9 வருடம் வரைந்த கைக்கு ஒரு ஆட்டோ வரவில்லை

2022 நவம்பரில் சென்னையில் ஒரு கேம் ஸ்டுடியோவுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். சீனியர் கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட் வேலை. அதற்கு முன் 9 வருடமாக வேறொரு நிறுவனத்தில் இதே தொழில்தான். வெளிநாட்டு கேம்களுக்குக் கட்டடங்கள், வண்டிகள், ஆயுதங்கள், காட்டுப் பின்னணிகள் எல்லாம் வரைந்து கொடுப்பது. போர்ட்ஃபோலியோவைப் பார்த்து முடித்த ஆர்ட் டைரக்டர், மேஜை டிராயரைத் திறந்து நாலு ஏ4 தாளும் ஒரு பென்சிலும் எடுத்து என் முன்னால் வைத்தார். "மழையில நிக்கிற ஒரு ஆட்டோ. பின்பக்கத்துல இருந்து, கொஞ்சம் உயரத்துல இருந்து பார்க்கிற மாதிரி. சைடு ரெக்சின் இறக்கி விட்டிருக்கு. அரை மணி நேரம் எடுத்துக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் அன்று அங்கே போனதே ஆட்டோவில்தான். பென்சிலை எடுத்து முதல் கோடு போட்டேன், சரிந்தது. என் இடது கை தானாக மேஜை மேல் நகர்ந்து, அங்கே இல்லாத கீபோர்டில், போட்ட கோட்டைத் திரும்ப எடுக்கிற கன்ட்ரோல் இசட்டைத் தேடியது. அந்த நொடியில் வயிற்றுக்குள் ஏதோ விழுந்தது போல இருந்தது. பின்சக்கரங்கள் பாடிக்கு எவ்வளவு உள்ளே இருக்கும், கூரை வளைந்து பின்னால் எங்கே இறங்கும், அந்தச் சின்னப் பின்ஜன்னல் எந்த உயரத்தில் வரும், எதுவும் எனக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் கழித்து அவர் வந்து பார்த்தபோது, தாளில் சக்கரம் வைத்த ஒரு பெட்டி இருந்தது. அவர் ஒன்றும் மோசமாகப் பேசவில்லை. "ஸ்கெட்ச் பண்றது விட்டுப்போச்சா?" என்று மட்டும் கேட்டார். வேலை கிடைக்கவில்லை.

இதை வீட்டில்கூட நான் சொல்லவில்லை. சம்பளம் ஒத்துவரவில்லை என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் 14 மாதம், அந்த ஓட்டையை அடைக்க நான் செய்த காரியங்களில் பாதிக்கு மேல் தப்பு. கிட்டத்தட்ட 1 லட்சத்து 77 ஆயிரம் ரூபாயும் ஒரு மணிக்கட்டும் அதில் போயின. முன்னாடியே யாராவது என்னை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்தத் தொழிலில் 5 வருடம், 6 வருடம் தாண்டி உள்ளுக்குள் இதே பயத்தோடு இருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவன். அங்கே ஸ்கெட்ச் என்பது சோறு தின்பது மாதிரி. காலையில் பஸ் ஸ்டாண்டு, சாயங்காலம் மகாமகக் குளத்துப் படிக்கட்டு, லீவு நாளில் தாராசுரம். ஐராவதேசுவரர் கோயிலில் அந்தத் தேர்ச் சக்கரத்தையும் குதிரையையும் எத்தனை தடவை வரைந்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. வேலைக்கு வந்த முதல் வருடம் பையில் நோட்டு இருந்தது. இரண்டாவது வருடம் நோட்டு இருந்தது, திறக்கவில்லை. அப்புறம் பையே மாறிவிட்டது. சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன், வேலையின் அமைப்பே அப்படி. என்ன வரைய வேண்டும் என்று நமக்கு ஒரு பிரீஃப் வரும், கூடவே 40 ரெஃபரன்ஸ் படமும் வரும். போட்டோவை வெட்டி ஒட்டி, மேலே பெயிண்ட் செய்து, 2 நாளில் கொடுக்க வேண்டும். கோடு நடுங்கினால் மென்பொருளில் இருக்கிற ஸ்டெபிலைசர் சரிசெய்யும். தலை பெரிதாகிவிட்டால் லிக்விஃபையில் இழுத்துவிடலாம். தப்பான கோட்டை அழித்து அழித்து, இருபதாவது தடவை சரியாக வந்ததை வைத்துக்கொள்ளலாம். படம் நன்றாகத்தான் வரும், கிளையன்ட்டும் ஓகே சொல்லிவிடுவார். ஆனால் ஒரு பொருளைக் கண்ணால் பார்த்து, அது எப்படி நிற்கிறது என்று புரிந்துகொண்டு, ஒரே கோட்டில் முடிவெடுக்கிற பழக்கம் அதில் எங்கேயும் இல்லை. 9 வருடம் நான் தினம் 8 மணி நேரம் வரைந்தேன். அதனால் வரைகிற பழக்கம் விட்டுப்போனது எனக்குத் தெரியவே இல்லை.

தெரிந்த பிறகு செய்த முதல் தப்பு, பயத்தில் காசைச் செலவு செய்தது. அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். 2022 ஆகஸ்டில்தான், எழுத்தில் சொன்னால் படம் போட்டுக் கொடுக்கிற ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற ஏஐ வெளிவந்திருந்தது. ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் எந்திரம் 10 நொடியில் படம் போடுகிறது, இன்னொரு பக்கம் எனக்கு ஒரு ஆட்டோ வரையத் தெரியவில்லை. ராத்திரி 1 மணிக்குப் படுக்கையில் உட்கார்ந்து போனில் கோர்ஸ் வாங்குவேன். வாங்கின அந்த 10 நிமிடம் நிம்மதியாக இருக்கும். தள்ளுபடி விலையில் அனாடமி, பெர்ஸ்பெக்டிவ், ஜெஸ்சர் என்று 11 வீடியோ கோர்ஸ் வாங்கினேன், மொத்தம் 21,000 ரூபாய். கடைசிவரை பார்த்தது இரண்டே இரண்டு. டேப்லெட் பழசு, அதனால்தான் கை வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு 78,000 ரூபாய்க்கு, திரை மேலேயே வரைகிற ஒரு பென் டிஸ்ப்ளே, 12 மாதத் தவணையில். நல்ல கருவிதான், இன்றும் அதில்தான் சம்பாதிக்கிறேன். ஆனால் கண்ணாடி மேல் வரைவதால் பார்க்கிற திறமை வந்துவிடாது. கோர்ஸ் வாங்க வேண்டும் என்று ராத்திரியில் தோன்றினால் ஒரு தாளில் பெயரை எழுதிவைத்து, மறுநாள் மதியம் எடுத்துப் பாருங்கள். கையில் இருக்கிறதில் ஒன்றை முழுதாகச் செய்து முடிக்காமல் அடுத்ததற்குக் காசு கட்டக் கூடாது என்று இப்போது ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். அதை அன்று வைத்திருந்தாலே 19,000 மிஞ்சியிருக்கும்.

பெரிய அடி, வெளிநாட்டு ஆன்லைன் பள்ளி ஒன்றின் 10 வார மென்டர்ஷிப். 799 டாலர். நான் மனதில் போட்டது சுமார் 66,000 ரூபாய். கார்டு பில் 68,600 என்று வந்தது. வங்கி எடுக்கிற அன்னியச் செலாவணிக் கட்டணம், அந்தக் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டி, இதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. அவர்கள் ஊரில் சனிக்கிழமை மதியம் 12 மணி வகுப்பு, நமக்கு ஞாயிறு அதிகாலை 1:30. ஒரு வகுப்பில் 28 பேர். 2 மணி நேரத்தை 28 ஆல் வகுத்தால் என்ன வரும் என்று சேருவதற்கு முன் நான் வகுத்துப் பார்க்கவில்லை. ஒரு ஆளுக்கு 4 நிமிடம். அந்த 4 நிமிடத்தில், சொல்லிக்கொடுக்கிற மென்டர் என் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டு, "இது பெட்டர்" என்று காட்டிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். அவர் திறமையானவர், மறுக்கவே மாட்டேன். ஆனால் ஏன் பெட்டர் என்று கேட்க அங்கே நேரம் கிடையாது. கடைசி வகுப்பில்தான் முழு போர்ட்ஃபோலியோவையும் பார்த்துச் சொல்வார்கள். அது மார்ச் 18, 2023. அதற்கு முந்தின ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திவிட்டார்கள். வருடா வருடம் செய்வதுதான், எனக்குத் தெரியாது. நான் வழக்கம்போல 1:30க்கு உள்ளே நுழைந்தபோது வகுப்பு தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, என் முறையும் போய்விட்டிருந்தது. மெயில் போட்டேன், ரெக்கார்டிங் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. என் படத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாத ரெக்கார்டிங்கை வைத்து நான் என்ன செய்வேன்? அன்றைக்கு விடிகாலை பால்கனியில் உட்கார்ந்து அழுதேன். ஆகவே சேருவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை நிமிடம், திருத்துவது மென்டரா அவருடைய உதவியாளரா, வகுப்பு தவறினால் என்ன ஏற்பாடு, பணம் திரும்ப வருமா. பதில் சுற்றி வளைத்து வந்தால் விட்டுவிடுங்கள்.

விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற வெறியில் அதற்கப்புறம் ராத்திரி 4 மணி நேரம் பயிற்சி என்று ஆரம்பித்தேன். பகலில் ஆபீஸில் 9 மணி நேரம், அதற்கு மேல் இது. ஜூன் மாதம் ஒருநாள் காலையில் பல் தேய்க்கப் பேஸ்ட் மூடியைத் திருகினேன், கட்டைவிரல் அடியிலிருந்து முழங்கை வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி வலி. டாக்டர், கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்தார். கத்திவிட்டேன். டி குவேர்வைன் என்று பெயர் சொன்னார். கட்டைவிரலை இயக்குகிற தசைநாண்கள் மணிக்கட்டில் ஓர் உறைக்குள் போகின்றன, அந்த இடம் வீங்கி இறுகிவிடுகிறது. 3 வாரம் கையை அசையவிடாத ஸ்ப்ளின்ட், அப்புறம் பிசியோதெரபி, எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய். பேனாவை நான் பிடிக்கிற விதத்தைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட், "ஏன் சார், இவ்ளோ இறுக்கி? ஓடிப்போயிடுமா?" என்று கேட்டார். வழுக்குகிற டேப்லெட் மேல் 9 வருடம் பேனாவை அடக்கிப் பிடித்துப் பழகிய கை அது. திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கி வரைவதால் விரலும் மணிக்கட்டும் மட்டும்தான் வேலை செய்கின்றன. தோள் சும்மாவே இருக்கிறது. கல்லூரியில் முழுத் தாளில் நின்றுகொண்டு வரைந்தபோது கோடு தோளிலிருந்து வரும். கட்டைவிரல் பக்கம் லேசாகக் குத்த ஆரம்பித்தாலே டாக்டரிடம் போய்விடுங்கள். நான் 2 மாதம் தைலம் தேய்த்துக்கொண்டு கிடந்தேன், அது தப்பு.

அந்த 3 வாரத்தில்தான் ஏதோ ஒன்று மாறியது. கையில் ஸ்ப்ளின்ட், வரைய முடியாது. கோடம்பாக்கத்தில் எங்கள் தெருமுனை டீக்கடை பெஞ்சில் போய் உட்காருவேன். வேறு வழியில்லாததால் பார்த்தேன். டீ மாஸ்டர் ஆற்றும்போது மேலே போகிற கை நேராகப் போகவில்லை, முதலில் முழங்கை வெளியே விரிகிறது, அதற்கப்புறம்தான் கை உயர்கிறது. உடம்பின் பாரம் முழுக்க இடது காலில். பார்வை மேலே இருக்கிற குவளையில் இல்லை, கீழே இருக்கிற கிளாஸில். இதெல்லாம் எனக்குப் புதிதாக இருந்தது. தினம் 2 வேளை, பல வருடமாக அதே பெஞ்சில் போனைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தவன் நான்.

கை சரியானதும் கும்பகோணம் போய், கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த சாரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலையில் கொண்டுபோய் இறக்கிவிடும். கோர்ஸில் செய்த பயிற்சிகளை எல்லாம் பிரிண்ட் எடுத்துப் போயிருந்தேன். மண்டை ஓடு, தசைகள், பெட்டிகள், போஸ் படங்கள் என்று 60 பக்கம். பொறுமையாக எல்லாவற்றையும் புரட்டினார். "இதுல நீ பார்த்தது எதுப்பா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. எல்லாமே வேறு யாரோ பார்த்து, போட்டோ எடுத்து, ஒளி அமைத்துக் கொடுத்தவை. "மாசம் 100 ஸ்கெட்ச் கொண்டா. போட்டோ பார்த்து ஒண்ணுகூட கூடாது. அழிக்கக் கூடாது. நல்லா வரணும்னு அவசியமில்ல" என்றார். காசு என்று நான் வாயைத் திறப்பதற்குள் முறைத்தார். போக வர ரயில் டிக்கெட் மட்டும்தான் செலவு. அவர் என் கோட்டின் மேல் கோடு போடுவதே கிடையாது. பக்க ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். அந்த இடத்தில் என்ன தப்பு என்று நானே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சில சமயம் அதற்கு 20 நிமிடம் ஆகும், அதுவரை பேசாமல் காத்திருப்பார். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். பழைய டிராயிங் மாஸ்டர், சைன் போர்டு எழுதினவர், சுதை வேலை செய்கிற ஸ்தபதி, யாராவது. கேட்கத்தான் நமக்குக் கூச்சம்.

முதல் 100 கண்றாவியாக இருந்தது. அதில் எனக்கு உண்மையாக உதவின ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். ஆள் அசைகிறாரே, எப்படி வரைவது என்று திணறுவோம். தொழில் செய்கிறவர்களின் அசைவு திரும்பத் திரும்ப வரும். டீ மாஸ்டருக்கு 3 நிலை: கை மேலே, கை நடுவில், கை கீழே. ஒரே பக்கத்தில் மூன்றையும் சேர்த்து ஆரம்பித்துவிடுவேன். கை மேலே போகும்போது முதல் படத்தில் 2 கோடு, கீழே வரும்போது மூன்றாவதில் 2 கோடு. 10 டீ ஆற்றி முடிவதற்குள் மூன்றும் ஓர் உருவத்துக்கு வந்துவிடும். பூக்கட்டுகிறவர், புரோட்டாவுக்கு மாவு வீசுகிறவர், இஸ்திரி போடுகிறவர், எல்லோருக்கும் இது ஒத்துவரும். பென்சிலை விட்டுவிட்டு பால்பாயின்ட் பேனாவுக்கு மாறினேன். அழிக்க முடியாது என்று தெரிந்துவிட்டால் கோடு போடுவதற்கு முன் கண் ஒரு தடவை கூடுதலாகப் பார்க்கிறது. நோட்டு 40 ரூபாய் கோடு போடாத நோட்டுதான். நடுவில் ஒரு விலை உயர்ந்த ஸ்கெட்ச்புக் வாங்கினேன். பக்கம் வீணாகிவிடுமோ என்று பயந்து 3 வாரம் ஒன்றும் வரையவில்லை.

அப்புறம் ஆட்டோ. கோடம்பாக்கம் ஸ்டாண்டில் போய் நின்று 43 ஆட்டோ வரைந்தேன். முதல் நாள் ஒரு டிரைவர் அண்ணன் வந்து, எதற்கு வண்டியைக் குறிக்கிறாய், ஃபைனான்ஸ் ஆளா என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன். தெருவில் வரையப் போகிறவர்கள், உட்காருவதற்கு முன்னாடியே போய்ச் சொல்லிவிடுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். அவரே அப்புறம் பின்பக்க மூடியைத் திறந்து எஞ்சினைக் காட்டினார், ரெக்சினை இழுத்துக் கட்டுகிற கம்பி சட்டத்தில் எங்கே மாட்டுகிறது என்று காட்டினார். கூரை பின்னால் இறங்குகிற அந்த வளைவு ஏன் அப்படி இருக்கிறது என்று அந்தக் கம்பியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்த ஒரு சாயங்காலத்தில் நான் கற்றதை எந்த கோர்ஸும் சொல்லிக் கொடுத்திருக்காது.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்கும் இப்போது போகிறேன். முதல் தடவை ஆபீஸில் கஷ்டப்பட்டு ஒரு வெள்ளிக்கிழமை லீவு வாங்கிக்கொண்டு போனேன். வெள்ளிக்கிழமைதான் அவர்களுக்கு விடுமுறை, பூட்டியிருந்தது. நீங்கள் வேறு நாளில் போங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் ஒரு மணி நேரம் நின்றால், ஒரு காலில் பாரம் விழும்போது இடுப்பு எந்தப் பக்கம் ஏறுகிறது, தோள் அதற்கு எதிராக எப்படிச் சாய்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஓர் உடம்பிலேயே இரண்டு பாதியும் வேறு வேறு மாதிரி. ஆனந்த விகடனில் கோயில் சிற்பங்களை வரைந்த சில்பி, கோயில் கோயிலாகப் போய்ச் சிலைக்கு எதிரிலேயே உட்கார்ந்து வரைந்தவர். சின்ன வயதில் தாத்தா வீட்டு பைண்டு வால்யூமில் அந்தப் படங்களைப் பார்த்து வியந்ததோடு சரி. எதிரில் உட்கார்ந்து பார்த்ததால் வந்த கோடுகள் அவை என்று இப்போதுதான் உறைக்கிறது.

டிஜிட்டலை நான் விடவில்லை, விடவும் வேண்டாம். காலையில் பார்த்து வரைந்ததை, ராத்திரி நோட்டைத் திறக்காமல் ஞாபகத்திலிருந்து டேப்லெட்டில் வரைகிறேன். ஸ்டெபிலைசர் பூஜ்யம், ஒரே லேயர், அந்த கன்ட்ரோல் இசட் அண்டூ ஷார்ட்கட்டை செட்டிங்ஸில் எடுத்துவிட்டேன், முழுத் தாளும் திரையில் தெரிகிற அளவைத் தாண்டிப் பெரிதாக்குவதில்லை. 15 நிமிடம்தான். மறுநாள் காலையில் நிஜத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எதைப் பார்க்காமல் விட்டேன் என்று தெரிந்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் சிற்பி ரோடானுக்குப் பாடம் சொன்ன லெகோக் த புவாபோத்ரான், மாணவர்களுக்கு ஞாபகத்திலிருந்து வரைவதைத் தனிப் பாடமாகவே வைத்திருந்தார் என்று பிறகு படித்தேன். ஒரு எச்சரிக்கை: இதை ஆபீஸ் லேப்டாப்பில் செய்யாதீர்கள். என் வேலை ஒப்பந்தத்தில், அவர்கள் கருவியில் உருவாக்கிய எதுவும் அவர்களுடையது என்று ஒரு வரி இருந்தது. சொந்தமாக வரைந்த 3 படங்களை அதனால் இழந்தேன். 1957 பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளிதான். சொந்த நேரத்தில் சொந்தக் கருவியில் வரைந்தது அதில் சேராது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கலாம், எடுத்துப் படியுங்கள். இன்னொன்று, இந்த நோட்டுகளை நான் இன்ஸ்டாகிராமில் போடுவதில்லை. ஒரு மாதம் போட்டுப் பார்த்தேன். எந்தப் படத்துக்கு லைக் வரும் என்று யோசித்து ஆள் தேட ஆரம்பித்துவிட்டேன். சாருக்குக் காட்டுகிறேன், வரையப்பட்டவருக்குக் காட்டுகிறேன், அது போதும்.

இப்போது 14ஆவது நோட்டு ஓடுகிறது. போன மாதம் டீ மாஸ்டர் தன்னுடைய படம் ஒன்று வேண்டும் என்று கேட்டார். நன்றாக வந்ததாக நினைத்த ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, கிளாஸை இப்படி முழுக் கையால சுத்திப் பிடிச்சா சுட்டுடும். இங்க பாரு" என்று விரல் நுனியால் கனமான அடிப்பாகத்தைத் தாங்கிப் பிடித்துக் காட்டினார். நூறு தடவைக்கு மேல் அந்தக் கையை வரைந்திருக்கிறேன், அதை மட்டும் பார்க்கவே இல்லை. வேறொன்று வரைந்து தருகிறேன் என்றேன். "அதுவும் குடு, இதுவும் இருக்கட்டும்" என்று முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். நீராவி பட்டு ஓரம் சுருள ஆரம்பித்துவிட்டது. புதுசு இன்னும் கொடுக்கவில்லை, கட்டைவிரல் வந்துவிட்டது, நடுவிரல் இன்னும் வரவில்லை.